சலங்கையைக் கழற்றச் சொன்ன ஆசிரியை



இன்று நான் செய்த பிழை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தொடக்கநிலை ஐந்தில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் தாயார், பெற்றோர் சந்திப்பின்போது ஒரு கேள்வி கேட்டார். "அடுத்த வருஷம் இறுதித்தேர்வு வருது டீச்சர். பரதநாட்டிய வகுப்பை நிறுத்திடலாமா?"

நான் சற்றும் சிந்திக்கவில்லை. "ஒரு வருஷம்தானேம்மா, நிறுத்திடுங்க. அப்புறம் சேர்த்துக்கலாம்" என்றேன். நல்ல அறிவுரை வழங்கிய நிறைவோடு அடுத்த பெற்றோரை அழைத்தேன்.

மறு ஆண்டு வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சி தொடங்கியது. கண்களை விரித்து, கைகளை அசைத்துக் கதை சொல்லும் அந்தப் பெண், இப்போது மனப்பாடம் செய்த வாக்கியங்களை ஒப்பித்தாள். "பள்ளிக்கு வெளியே யாருடன் தமிழில் பேசுவாய்?" என்று கேட்டேன்.

"முன்னாடி டான்ஸ் கிளாஸ்ல பேசுவேன் டீச்சர். இப்ப யாரும் இல்ல."

எனக்குச் சுரீரென்றது. பதத்தின் பொருளை விளக்கும் ஆசிரியை, காத்திருக்கும் பாட்டிமார்கள், பின்னல் போட்டுவிடும் அக்காமார்கள் என அவளுடைய தமிழுலகம் முழுவதும் அங்கேதான் இருந்திருக்கிறது. நான் நிறுத்தச் சொன்னது நடனத்தை மட்டுமன்று!

இது ஒரு வீட்டின் கதையுமன்று. 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களுள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் வீட்டில் தமிழையே அதிகம் பேசினர். 2020-இல் அது ஏறத்தாழ 28 விழுக்காடாகக் குறைந்தது. ஆங்கிலத்தை அதிகம் பேசுவோர் 59 விழுக்காட்டை எட்டினர். வீட்டில் தமிழ் குறையக் குறைய, வீட்டுக்கு வெளியே தமிழ் ஒலிக்கும் ஒவ்வோர் அறையும் அருமையாகிறது அல்லவா?

அந்த வார இறுதியில் தேக்காவில் காய்கறி வாங்கிய பின், மனம் கேளாமல் வாட்டர்லூ ஸ்திரீட் வரை நடந்தேன். அங்கே ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயமும் குவான் இம் ஆலயமும் அருகருகே உள்ளன. குவான் இம்மை வணங்கிய சீனர்கள் அடுத்ததாகக் கிருஷ்ணன் சன்னிதி முன்னும் ஊதுவத்தி ஏந்தி நிற்பது அன்றாடக் காட்சி. அதே தெருவில்தான் ஸ்டாம்ஃபர்ட் கலை மையமும், அதில் இயங்கும் பாஸ்கர் கலைக் கழகமும் இருக்கின்றன.

கேரளத்திலிருந்து வந்த கே. பி. பாஸ்கர் 1952-இல் தொடங்கிய குழு அது. 1955-இல் இங்கு வந்த அவருடைய துணைவியார் சாந்தா பாஸ்கர், பரதநாட்டியம் கற்பித்ததோடு அக்கம்பக்கத்து மக்களின் கலைகளையும் உற்றுநோக்கினார். 1958-இல், நாடு தன்னாட்சி பெறுவதற்கு ஓராண்டு முன்னரே, 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' என்னும் சீனக் கதையைப் பரதநாட்டியமாக்கி மேடையேற்றினார். பிற்காலப் படைப்புகளில் மலாய், தாய்லாந்து மரபுகளையும் இணைத்தார். 1990-இல் கலாசாரப் பதக்கம் பெற்ற அவர், 2022 பிப்ரவரி 26 அன்று தம் 82-ஆம் வயதில் மறைந்தார். பாஸ்கர் அவருக்கு முன்பே, 2013-இல் காலமானார். ஆனால் அவர்கள் தொடங்கிய குழுவின் பணி நிற்கவில்லை.

அந்தச் சீனக் கதையை நீங்கள் அறிந்திருக்கலாம். பெண்களுக்குக் கல்வி மறுக்கப்பட்ட காலத்தில், சூ யிங்தாய் என்னும் பெண் ஆண்வேடமிட்டுப் பயிலச் செல்கிறாள். அங்கே லியாங் ஷான்போ என்பவன் அவளுக்கு உற்ற நண்பனாகிறான். இறுதியில் இருவரும் இறந்து பட்டாம்பூச்சிகளாகின்றனர். படிக்க விரும்பிய பெண்ணின் கதையை நடனமாக்கிச் சொன்னார் சாந்தா பாஸ்கர். நானோ, படிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பெண்ணின் நடனத்தை நிறுத்தியவள்!

கலைக்குழு என்றால் அரங்கேற்றமும் பட்டுச்சேலையும்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆசிரியப் பயிற்சியின்போது பேச்சுச் சூழல், மொழிச் சூழல் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். அச்சூழலை வாரந்தோறும் உருவாக்கித் தருபவர்களை மட்டும் 'கூடுதல் வகுப்பு' என்று ஒதுக்கிவிட்டேன்.

திங்கட்கிழமை அத்தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "நான் சொன்னது தப்பும்மா" என்று தொடங்கினேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அவளும் தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா டீச்சர்" என்றார். வாரம் ஒரு வகுப்பு மட்டும் போகலாம் என்று முடிவாயிற்று.

அவள் பெற்ற தேர்வு முடிவை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நடனத்தை மீண்டும் மதிப்பெண்ணால் அளந்தவளாவேன். பள்ளிக்கு வெளியே யாருடன் தமிழில் பேசுகிறாள் என்று நான் பின்னர் கேட்டபோது, விரல்விட்டு ஐந்து பெயர்களைச் சொன்னாள். எனக்கு அது போதும்.

பெற்றோர்களே, வகுப்பை நிறுத்துவதற்கு முன் உங்கள் பிள்ளை அங்கே எம்மொழியில் சிரிக்கிறாள் என்று ஒருமுறை கதவோரம் நின்று கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, அறிவுரை கூறுவதற்கு முன் நாமும் கேட்போம்.