நீலப் பெயிண்டுக்குள்ளே பர்மாத் தேக்கு!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பீங்கான் சாடி, எனாமல் தூக்கு, பித்தளை விளக்கு இவற்றுக்கு நடுவே, இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்கும். ஒன்றில் நீலப் பெயிண்ட் தோல் தோலாக உரிந்திருக்கும். பக்கத்திலேயே சுரண்டிப் பாலீஷ் போட்ட இன்னொன்று, தேன் நிறத்தில் பளபளக்கும். இரண்டும் ஒரே மரம்தான் என்றால் நம்பவே முடியாது!

அங்கிருந்து கானாடுகாத்தானில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். வளவைச் சுற்றி எட்டு அறைகள். கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று அந்தக் காலத்தில் கட்டியவை. பர்மாவில் தொழில் செய்தவர்கள் கப்பலில் தேக்கைக் கொண்டு வந்து இழைத்த கதவுகள். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அந்தச் செழிப்பும் போயிற்று.

"எங்க மாமியா காலத்துல எல்லாம் பச்சை. பங்கு பிரிச்சப்புறம் ஆளுக்கொரு கலரு. பொங்கலுக்குப் பொங்கல் மேல ஒரு கோட்டு!" என்று சிரித்தார் வீட்டு ஆச்சி.

ஆசாரி நெருப்புக் குழாயோடு வந்தார். "சுட்டுச் சுரண்டினா பத்து நிமிஷத்துல உரிஞ்சிரும் ஆச்சி." மகளும் இரண்டு வயதுப் பேரனும் லீவுக்கு வந்திருந்தார்கள். ஆச்சி பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நெருப்பு வேண்டாம் ஆசாரி. பிள்ளை இருக்கிற வீடு. உம்ம வீட்டுலயும் பிள்ளைக இருக்குல்ல?" என்றார். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்தது.

காரணம் ஈயம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்வது நல்லது. சுட்டால் அது புகையாகும். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டால் தூளாகித் தரையில் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைத்தால் போதும்! வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். மூளை வளர்ச்சி பாதிக்கும், ரத்தம் குறையும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

பிறகு நடந்த வேலையைச் சொல்கிறேன். மகளும் பேரனும் தேவகோட்டைக்குப் போனார்கள். ஆசாரி கதவைக் கீலோடு கழற்றிப் பின்கட்டுக்கு வெளியே, திறந்த கொட்டகையில், பிளாஸ்டிக் விரிப்பின் மேல் போட்டார். பெயிண்ட் ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவி, பெயிண்ட் சுருங்கி எழும்பியதும் பட்டித் தகட்டால் வழித்தெடுத்தார். பூ வேலைப்பாட்டுக்குப் பழைய பல் பிரஷ். மூடிய அறையில் ரிமூவரைத் தொடவே கூடாது. சில வகைகளின் ஆவி உயிரையே பறிக்கும். டப்பாவில் சொல்லியிருக்கும் கையுறை அவசியம். மிச்சத்தை எடுக்க, தண்ணீர் தொட்டு ஈர உப்புத்தாள். முகத்தில் கட்டும் துணி ஈயத்தூளைத் தடுக்காது. என்-95 முகமூடி வேண்டும்.

வழித்ததை அடுப்பிலோ தோட்டத்திலோ போடாமல் பையில் கட்டினார்கள். தரையைப் பெருக்கவில்லை, ஈரத்துணியால் துடைத்தார்கள். ஆசாரி குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

கதவு நன்றாகக் காய்ந்தபின், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலீஷைத் துணிப் பொதியால் மர ரேகையோடு மெல்லிசாக நாலைந்து கை. ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகே அடுத்தது. தண்ணீர் பட்டால் அரக்கு வெளுக்கும். குளியலறைக் கதவுக்குச் சரிப்படாது. ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கும்! விரித்து வெளியே காயப்போடுங்கள்.

எட்டில், பெயிண்ட் உரிந்த மூன்று கதவுகளை மட்டும்தான் ஆச்சி சுரண்டச் சொன்னார். பெயிண்ட் கெட்டியாக இருந்தால் அதைக் கிளறாமல் மேலே புதுப் பெயிண்ட் அடிப்பதே உத்தமம். உங்கள் வீட்டில் குழந்தை ஏற்கெனவே உரிந்த பெயிண்டை வாயில் போட்டிருந்தால், டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தேக்கு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கும். குழந்தையின் வளர்ச்சி காத்திருக்காது, இல்லையா?