என்ன ஏத்துவீங்க?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை ரஸ்தாவுக்குப் போகும் சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஸ்பிரிங் பட்டறை. காலை ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தேன். வாங்கிக் கொடுத்த டீ ஆறுவதற்குள் மூன்று லோடு வண்டிகள் வந்துவிட்டன. மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான். "அண்ணே, வண்டி இறங்கிப்போச்சு, கொஞ்சம் ஏத்திக் குடுங்க." பட்டறைக்காரர் மூவரிடமும் திருப்பிக் கேட்டதும் ஒன்றுதான். "என்ன ஏத்துவீங்க?"

முதல் ஆள் செங்கல் என்றார். இரண்டாவது ஆள், "கெடைக்கிறதெல்லாம்ணே" என்று சிரித்து, வசவு வாங்கிக்கொண்டார். மூன்றாவது ஆள் ஆத்தங்குடி டைல்ஸ் என்றார். அந்த வண்டிக்கடியில்தான் பட்டறைக்காரர் முதலில் படுத்தார்.

அவருக்கு அறுபது வயது இருக்கும். நோட்டை எடுத்ததுமே, "பேரெல்லாம் போடாதீங்க, வண்டி நம்பரும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டார். போடவில்லை.

நான் உண்மையில் பார்க்க வந்தது வேறொரு வண்டி. உயர்த்திக் கட்டிய பெரிய பிக்கப் ஒன்று அன்று மதியம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை பட்டா வேலையை, அதாவது லோடு வண்டிகளின் ஸ்பிரிங் தகடுகளைச் சரிசெய்வதை, வேடிக்கை பார்க்கலாம் என்று உட்கார்ந்தவன், அந்த வேலையில்தான் பாடத்தின் முதல் பாதி இருக்கிறது என்று பிறகு புரிந்துகொண்டேன்.

டைல்ஸ் வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றி, யூ போல்ட்டுகளை அவிழ்த்து, ஸ்பிரிங் கட்டைக் கீழே இறக்கினார்கள். சென்டர் போல்ட்டைத் தளர்த்தியதும் பட்டாக்கள் 'சடக்' என்று ஒன்றைவிட்டு ஒன்று விலகின. அந்த விலகலை எனக்குக் காட்டினார். நீளமான மெயின் பட்டாவுக்கு வளைவு குறைவு. அதன் கீழே வரும் ஒவ்வொரு குட்டைப் பட்டாவுக்கும் வளைவு ஒரு பிடி கூடுதல். அடுக்கி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பார்த்தால் நடுவில் கீற்றாக இடைவெளி தெரியும். போல்ட்டை இறுக்கும்போது அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். அப்போது கீழ்ப்பட்டாக்கள் மெயின் பட்டாவின் பாரத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்கின்றன. "இந்தச் சந்து சரியா விழுந்தாத்தான் எங்களுக்குக் கூலி" என்றார்.

வளைவு செத்துப்போன பட்டாவை மறுபடி வளைப்பதற்குத் தீ மூட்டுவதில்லை. குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி பள்ளமான பட்டடையில் கிடத்தி, ஒருவர் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்த, இன்னொருவர் சம்மட்டியால் போடுகிறார். பட்டா பச்சையாகவே வளைகிறது. கொஞ்சம் சூடு காட்டினால் வேலை சுளுவாக முடியுமே என்று கேட்டேன்.

"சூடு காட்டுனா சுளுவா வளையும். வளைஞ்ச கையோட செத்தும் போகும்."

சிலிக்கனும் மாங்கனீசும் சேர்ந்த எஃகு இது. ஆலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்தியது. உலைத்தீயில் காட்டினால் அந்தப் பதம் போய்விடும். பிறகு பாரம் ஏறினால் அமுங்கும், பாரம் இறங்கினாலும் எழுந்து வராது. அமுங்கி எழாதது வெறும் இரும்பு. அதை ஏன் ஸ்பிரிங் என்று சொல்ல வேண்டும்?

தமிழில் இதற்கு நல்ல பெயர் முன்பே இருந்தது: வில். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் முன்னால் ஒரு காலத்தில் நின்ற வில்வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கும் அச்சுக்கும் நடுவில் இதே பட்டா அடுக்குதான். 1804-இல் லண்டனில் ஒபதையா எலியட் என்ற கோச்சு வண்டி செய்பவர், பட்டாக்களை அடுக்கிய நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வில் நம் ஊருக்கு வந்து மாட்டு வண்டியில் ஏறியது. 2005-இல் அறிமுகமான டாட்டா ஏஸிலும் அதன் வாரிசுகள்தான் பாரம் சுமக்கின்றன. நடுவில் நாம் 'வில்'லை மட்டும் கீழே போட்டுவிட்டு 'ஸ்பிரிங்' என்று சொல்லப் பழகிவிட்டோம்.

டைல்ஸ் வண்டியின் கட்டில் ஒரு பட்டா மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. போன வருஷம் வேறு எங்கோ கூடுதலாகப் போட்டதாம். அதற்குப் பிறகு வண்டி உயரமாக நின்றது, ஆனால் டைல்ஸ் உடைய ஆரம்பித்தது. ஆத்தங்குடி டைல்ஸ் சூளை காணாதது. கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் இட்டுக் கையால் அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. கனம் உண்டு, ஆனால் முனை அடிபட்டால் போயிற்று. பாதி லோடு ஏற்றிய நாளில் அந்தக் கூடுதல் பட்டா வளையவே வளையாது. சாலையின் குழியெல்லாம் நேராக டைல்ஸின் முனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ஒசரம் வேற, பலம் வேற. இவருக்கு ஒசரம் இல்ல. பலத்தை வாங்கி மாட்டிட்டாங்க" என்று சொல்லி, அந்தப் பட்டாவை உருவிச் சுவரோரம் சாய்த்தார். மற்ற பட்டாக்களின் வளைவை மட்டும் அடித்து ஏற்றினார்கள். பின்பக்கம் எழும்பியதும் ஆக்சிலிலிருந்து பிரேக் வால்வுக்குப் போகும் சிறு கம்பியையும் பார்த்துத் திருத்தினார். அப்படியொரு கம்பி பல லோடு வண்டிகளில் இருக்கிறது. பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும். வண்டியைத் தூக்கிவிட்டுக் கம்பியைத் தொடாமல் விட்டால், முழு லோடிலும் வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உயரம் ஏற்றுகிற எல்லோரும் இதைக் கவனிக்கிறார்களா? நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, கையைத் துடைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வி-கிராஸ் வந்தது. 2016-இல் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் ஆலை தொடங்கியபோது இசுஸூ இங்கே கொண்டுவந்த பிக்கப் அது. ஆறு வருஷம் கழித்து டொயோட்டா ஹைலக்ஸும் வந்தது. இரண்டுக்கும் பின்னால் பட்டா, முன்னால் சுருள் ஸ்பிரிங். இந்த மாதிரி உயர்த்திய வண்டிகளைப் பற்றி எனக்கு ஒரு இளக்காரம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. கடைத்தெருவில் நிறுத்த இடமில்லாத ஊரில் யானை வளர்ப்பது மாதிரி என்று நினைத்திருந்தேன். உரிமையாளரின் தோப்பு கண்மாய்க் கரை தாண்டி இருக்கிறது, ஐப்பசி மழையில் செம்மண் தடம் முழங்கால் ஆழத்துக்குப் போய்விடும் என்று அவர் சொன்னதும் பாதி இளக்காரம் குறைந்தது. மீதி இன்னும் இருக்கிறது.

"முன்னாடி மூக்கு தொங்குதுண்ணே. நாலு சென்டி ஏத்தணும்."

"என்ன ஏத்துவீங்க?"

"ஒண்ணும் ஏத்த மாட்டேன். குடும்பம் போகும், நாலு உரமூட்டை போகும், அவ்வளவுதான்."

பட்டறைக்காரர் வண்டியின் முன்னால் போய் நின்றார். தடித்த இரும்பு பம்பர், அதற்குள் ஒரு வின்ச். "இது என்ன தம்பி, தேங்காயா? ஏத்தித்தானே வச்சிருக்கீங்க!"

இந்த வேலை அவருடைய தம்பி மகன் பொறுப்பு. இந்த வண்டியின் முன்பக்கத்தில் இருப்பது காயில்ஓவர். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங்; ஷாக்கின் உடம்பில் மரை வெட்டியிருக்கும்; மரையில் ஓடும் வளையம் ஒன்று ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும். வளையத்தை ஸ்பிரிங் பக்கமாகத் திருகினால் வண்டி எழும்பும், எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும்.

திருகுவதற்கு முன்னால் அரை மணி நேரம் அளவுதான். சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சமப்படுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தார். டிரைவர் பக்கம் 8 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. பிறகு ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். பாரம் உட்கார்ந்திருக்கும்போது வளையத்தைத் திருகினால் மரை கடித்துக்கொள்ளும், அலுமினியம் என்றால் பிய்த்துக்கொண்டே வந்துவிடும். அதோடு நம் செம்மண் தூசி. மரைக்குள் போய் அரக்காக இறுகியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் விட்டு ஊறவைத்தார். வளையத்தைத் திருப்பும் கொக்கி ஸ்பேனரைப் பார்த்தேன். ஒடிந்த லாரிப் பட்டாவில் அவரே வெட்டிச் செய்தது.

"தம்பி கேட்ட நாலு சென்டி தர முடியாது, ரெண்டுதான்" என்றார் பெரியப்பா. ஏன் என்று இளைஞர் விளக்கினார். ஷாக்கின் மொத்த நீட்சி மாறாது. வண்டி உயர உயர அந்த நீட்சி முன்கூட்டியே செலவாகிவிடும். பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சம் இருக்காது. முழுசாக நீண்டு 'டொக்' என்று தட்டும். சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டுகளும் சக்கரத்தைத் தாங்கும் கைகளில் மேல்கையின் பந்து மூட்டும் கோணம் தாண்டிச் சீக்கிரம் தேயும். தோப்புத் தடத்துக்காக ஏற்றிவிட்டு, அந்தத் தடத்திலேயே சக்கரம் அந்தரத்தில் நின்றால் என்ன லாபம்?

உரிமையாளர் விடவில்லை. "ஏத்தி டைட் வச்சா ஸ்பிரிங் கெட்டியாகும்ல? பாரம் தாங்கும்ல?"

பெரியப்பா சுவரில் தொங்கிய ஸ்பிரிங் தராசைக் காட்டினார். "அதை இன்னும் மேல உள்ள ஆணியில மாட்டுனா ஒரு கிலோ அரிசி முக்கா கிலோவாயிருமா?"

இதைவிட நன்றாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. வண்டியின் எடை அதேதான், ஸ்பிரிங் அதேதான். அந்த எடைக்கு அது அமுங்கும் அளவும் அதேதான். வளையம் மாற்றுவது ஆணியின் உயரத்தை மட்டும். பம்பரின் எடைக்கு ஈடு வேண்டுமானால் கெட்டியான ஸ்பிரிங் வாங்கி மாட்டவேண்டும். காலையில் டைல்ஸ் வண்டியில் கேட்ட வாக்கியம் மதியத்தில் சுருள் வடிவில் திரும்பி வந்திருந்தது.

கணக்கு எளிது. ஒரு சுற்றுக்கு மரை 2 மில்லிமீட்டர் நகரும். காயில்ஓவர் சக்கரத்தின் மேல் நேராக நிற்பதில்லை. கையின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் வளையத்தில் ஒரு பங்கு ஏறினால் சக்கரத்தில் ஏறக்குறைய 1.8 பங்கு ஏறும் என்று இந்த வண்டியில் முன்பே அளந்து வைத்திருந்தார்கள். இடப்பக்கம் ஐந்தரைச் சுற்று. டிரைவர் பக்கம் தாழ்வையும் சேர்த்து ஏழரை.

"ஏழரையா?" என்று உரிமையாளர் பதறினார்.

"ஏழே முக்கால் வச்சுக்குவோம்" என்றார் இளைஞர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். கணக்குக்கும் அதுதான் இன்னும் நெருக்கம்.

சாக்பீஸால் வளையத்தில் கோடு போட்டு, சுற்றுக்குச் சுற்று வாய்விட்டு எண்ணித் திருகினார். பூட்டி, சக்கரம் மாட்டி இறக்கியதும் வண்டி நான்கு சென்டி ஏறியது போல நின்றது. உரிமையாளரின் முகம் மலர்ந்தது. "இருங்க, பொய் சொல்லுது" என்று சொல்லிவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, சாலையில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தார். தூக்கி இறக்கும்போது டயர்கள் உள்வாங்கித் தரையைப் பிடித்துக்கொள்ளும். உருண்டால்தான் வண்டி உண்மையான உயரத்துக்கு வந்து உட்காரும். மறுபடி டேப். இரண்டு பக்கமும் சமம், இடப்பக்கம் 20 மில்லிமீட்டர் ஏறியிருந்தது. விளக்கு வெளிச்சத்தைக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டு, நேராக அலைன்மென்ட் கடைக்குப் போகச் சொன்னார்கள். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும். விட்டால் டயரின் ஓரத்தைத் தின்றுவிடும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. "அதுக்குத்தானே நம்பர் போடாதீங்கன்னேன்" என்றார் பெரியப்பா.

மாலை ஐந்தரைக்கு டைல்ஸ் வண்டி முழு லோடோடு திரும்பி வந்தது. காலையில் வேலை முடிந்தபோதே அவர் காசு வாங்கவில்லை. ஏற்றிக்கொண்டு வாங்க, பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தார். குனிந்து, ஆக்சிலுக்கும் மேலே உள்ள ரப்பர் கட்டைக்கும் நடுவில் விரல்களை நுழைத்துப் பார்த்தார். மூன்று விரல். தலையை ஆட்டினார். உருவிய பட்டா இன்னும் சுவரோரம் சாய்ந்திருந்தது. இதே மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் அருவாள் அடிப்பவர்களுக்கு இந்த எஃகு என்றால் உயிர். வண்டிக்கு ஆகாத பட்டாவுக்கு அங்கே விலை உண்டு.

"நூறு கிலோமீட்டர் ஓடுனதும் யூ போல்ட்டை ஒருதரம் முறுக்கணும். திரும்ப வாங்க."

"சென்னை லோடுண்ணே. திருச்சியில முறுக்கிக்கிறேனே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "திருச்சி தொண்ணூறுதான். சரி, ஊரைத் தாண்டிப் போயி முறுக்கு."

வண்டி கிளம்பிச் சாலையில் ஏறியது. முதல் பள்ளத்தில் டைல்ஸ் சத்தம் கேட்கிறதா என்று மூன்று பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம்.