வாப்பாவின் வண்டி

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனத் துறைத்தலைவர் பணித்த நாளில், எம் விரல் நகங்களில் கிரீஸ் அப்பியிருந்தது. மும்முறை சீயக்காய் தேய்த்தும் அகலவில்லை. நன்னூல் நடத்தும் கை அது என்று மாணவர் நம்பியிருக்க மாட்டார்கள். எனவே அந்தக் கறை வந்த கதையையே எழுதலாயினோம்.

வாப்பா விட்டுச்சென்றது 1984ஆம் ஆண்டின் அம்பாசிடர் ஒன்று. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த வண்டி, 1489 சி.சி. எஞ்சின். கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. வாப்பாவின் மறைவுக்குப்பின் வண்டி யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. தம்பி பட்டறை வைத்திருப்பவன். யாம் கல்லூரியில் பயிலவேண்டித் தன் படிப்பை நிறுத்திப் பதினைந்து வயதில் ஸ்பேனர் பிடித்தவன். "வண்டி என்கிட்ட நிக்கட்டும் காக்கா, ஓடிக்கிட்டாவது இருக்கும்" என்றான். மூத்தவர் என்னும் உரிமையை யாம் விட்டோமில்லை. "கழற்றி உதிரியாக விற்றுவிடுவாய்" என்றும் சொல்லிவிட்டோம். சொற்பொருளை ஆய்ந்து எம்.ஃபில். பட்டம் பெற்றவர் சொன்ன சொல் அது! அதன்பின் இரண்டு பெருநாள்களிலும் தம்பி வந்து உம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பினான்.

வண்டியோ எஞ்சின் முன்புறத்தில் எண்ணெய் கசிந்தது. உள்ளே டைமிங் செயின் கலகலத்தது. தம்பியிடம் கொடுக்க மனமில்லை. வேறு பட்டறைக்குக் கொண்டுசெல்ல நாணம். கோடை விடுமுறையில் பழைய கையேடு ஒன்றை விரித்துவைத்துக்கொண்டு யாமே இறங்கினோம். தண்ணீரை வடித்து ரேடியேட்டரை இறக்கினோம். விசிறி, பெல்ட், புல்லி, செயின் மூடி என ஒவ்வொன்றாய்க் கழன்றன. ஒவ்வொரு போல்ட்டையும் உம்மாவின் பழைய டிபன் கேரியர் அடுக்குகளில் இட்டுத் தமிழில் சீட்டு எழுதி ஒட்டினோம். 'எண்ணெய் எறிதகடு' என்று ஒன்றுக்குப் பெயர் சூட்டியதில் எமக்குப் பெருமையும் உண்டாயிற்று.

கழற்றியது ஒரு நாள். பூட்டியது ஆறு நாள். புதுச் செயின், புது ஆயில் சீல், புதுப் பேக்கிங் யாவும் இட்டோம். ஏழாம் நாள் சாவியைத் திருப்பினால், எஞ்சின் இருமியது. கார்புரேட்டர் வழியே 'பட்'டென்று வெடித்தது. போதாக்குறைக்குக் கேரியர் அடுக்கில் காகிதம் போன்ற மெல்லிய வளையத் தகடு ஒன்று எஞ்சிக் கிடந்தது. அதற்குச் சீட்டும் இல்லை.

தம்பிக்கு ஆள் அனுப்பியது உம்மா. அஸர் தொழுகைக்குப்பின் வந்தான். எம்மைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பார்த்தான். ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதைச் சாய்த்தான். "ஒரு பல் தப்பியிருக்கு" என்றான். மறுபடியும் அனைத்தும் கழன்றன.

கீழே கிராங்க் தண்டில் ஒரு பற்சக்கரம். மேலே கேம் தண்டில் அதைப்போல் இருமடங்கு பற்களுள்ள மற்றொன்று. இரண்டிலும் புள்ளிக் குறி உண்டு. புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கவேண்டும் எனக் கையேடு சொன்னது. யாமும் அவ்வாறே நிறுத்தினோம். ஆனால் சக்கரங்களை முதலில் மாட்டிவிட்டுச் செயினைப் பிறகு இழுத்தேற்றியபோது மேற்சக்கரம் ஒரு பல் நகர்ந்துவிட்டதை அறியவில்லை. தம்பி செயினுக்குள் இரு சக்கரங்களையும் வைத்து, புள்ளிகளை எதிரெதிராக்கி, மூன்றையும் சேர்த்தே இரு தண்டுகளிலும் ஒருசேரத் தள்ளினான். பின் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினான். கேம் ஒரு சுற்று வந்தது. புள்ளிகள் மீண்டும் முகம் பார்த்தன. இரு சக்கரங்களின் முகப்பிலும் இரும்பு ஸ்கேலை வைத்தான். இடையே ஒளி தெரிந்தது. கேட்காமலே கையை நீட்டினான். எஞ்சிய அந்தத் தகட்டைக் கொடுத்தோம். கீழ்ச்சக்கரத்தின் பின்னே அதைச் செருகியதும் ஒளி மறைந்தது.

"மூடியை முதல்ல இறுக்கிட்டு அப்புறம் புல்லி போட்டீங்களா, காக்கா?"

ஆம் என்றோம். மூடியின் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, எண்ணெய் தடவிய புல்லியை ஆயில் சீலுக்குள் செலுத்தினான். மூடி தானே அசைந்து நடுவிடத்தைக் கண்டது. அதன்பிறகே போல்ட்டுகளைச் சுற்றிவர இறுக்கினான். முன்பே இறுக்கினால் சீல் ஒருபக்கம் அழுந்திக் கசியுமாம். எம் கையேட்டிலும் இது இருந்தது. வேகமாகப் படித்த பக்கத்தில்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வேளையில் எஞ்சின் பிடித்தது. உம்மா தேநீர் கொண்டுவந்தார். "அன்று சொன்னது தவறு" என்றோம். தம்பி தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். "பெல்ட்டை நடுவுல அழுத்தினா அரை அங்குலம் போகணும், பார்த்துக்குங்க" என்றான்.

இரவு எஞ்சினுக்கு அடியில் வெள்ளைத் தாளொன்றை விரித்துவிட்டுப் படுத்தோம். பஜ்ரு தொழுதுவிட்டு வருகையில் வாசலில் யாரோ குனிந்திருப்பது தெரிந்தது. தம்பிதான்; எமக்கு முன்னரே வந்து அத்தாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.