மகளுக்கும் நீச்சல் வேண்டும்



நான் பிறந்த ஊர் நாமக்கல் மாவட்டத்தில் மோகனூருக்கு அருகில் உள்ளது. ஒருபுறம் காவிரி, மறுபுறம் தோட்டத்துக் கிணறுகள். என் அண்ணன்மார் இருவரும் எட்டு வயதிலேயே இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகினர். நானோ கிணற்றுமேட்டில் அவர்களுடைய சட்டைகளுக்குக் காவலிருந்தேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா நீச்சல்?" என்று அத்தா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் காவிரியில் முழங்கால் அளவு நீரில் நின்றிருந்தேன். அடுத்த அடியில் மணல் அள்ளிய பள்ளத்தினுள் மூழ்கினேன். பரிசல்காரர் ஒருவர் என் கூந்தலைப் பற்றி இழுத்துக் கரை சேர்த்தார். அல்லாஹ் எனக்கு ஆயுளை அளித்தான். அன்று மாலை எங்கள் வீட்டில், இனி நான் ஆற்றுப்பக்கமே போகக் கூடாது என்று முடிவாயிற்று. நீந்தக் கற்றுக்கொடுக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு, ஐந்தாம் வகுப்பில் பயிலும் என் மகள் கேட்டாள்: "மாமா மகன் மட்டும் கெணத்துல குதிக்கிறான். நான் ஏம்மா கூடாது?" அவள் பள்ளியில் நீச்சல் குளம் இல்லை, உடற்கல்வி வகுப்பும் தேர்வு நெருங்கினால் கணக்கு வகுப்பாகிவிடும். அத்தா சொன்ன அதே பதில் என் நாவின் நுனிவரை வந்தது. நான் திடுக்கிட்டேன்.

2022 ஜூன் மாதம் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றில் குளிக்கச் சென்ற சிறுமியரும் பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தனர். சிக்கியவர்களைக் காப்பாற்ற முயன்றவர்களும் மூழ்கினர் என்று செய்திகள் கூறின. ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு நீச்சலும் பாதுகாப்பாகப் பிறரை மீட்கும் முறையும் கற்பிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் சிறுவயதில் அன்னை ஆமினாவுடன் யஸ்ரிப் சென்றிருந்தபோது, பனூ நஜ்ஜார் குலத்தாரின் கிணற்றில் நீந்தப் பழகியதாக இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார். வீண் விளையாட்டில் சேராத நான்கனுள் நீச்சல் கற்பதையும் ஒன்றாகக் கூறும் ஹதீஸ் நஸாயீ இமாமின் தொகுப்பில் உள்ளது. ஓர் உயிரைக் காப்பதன் மேன்மையை அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் உணர்த்துகிறது. பின் எதற்காகத் தயங்க வேண்டும்?

வெட்கம் பேணுவதற்கும் வழி இருந்தது. கோடை விடுமுறையில், ஃபஜ்ர் தொழுகைக்குப் பின், எங்கள் குடும்பத்தார் மட்டும் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தோம். கற்றுக்கொடுத்தவர் என் மூத்த அண்ணன். எனக்கும் என் மகளுக்கும் மஹ்ரம். பாவாடையும் துப்பட்டாவும் நீரில் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். ஆதலால் மெல்லிய நைலான் துணியில் முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை கால்சட்டையும் தைத்தேன். மகளுக்கு ஒன்று, முப்பத்தெட்டு வயதான எனக்கு ஒன்று.

சுரைப்புருடைக்குப் பதிலாக, மூடி இறுக்கிய காலிப் பிளாஸ்டிக் கேன். முதலில் மூச்சடக்கி முகத்தை நீரில் வைத்தல். பிறகு மல்லாந்து மிதத்தல். அதன் பிறகே கை கால் வீச்சு. அண்ணன் தினமும் சொன்ன பாடம் ஒன்றுண்டு: "யாராவது முழுகினா நீ குதிக்காதே. கயிற வீசு, துப்பட்டாவ வீசு, கேனத் தூக்கிப் போடு, சத்தம் போடு."

பதினெட்டாம் நாள் மகள் கேன் இல்லாமல் அக்கரைப் படியைத் தொட்டாள். தஸ்பீஹ் மணியுடன் கிணற்றுமேட்டில் அமர்ந்திருந்த என் அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார். "ஒன்னையும் அன்னைக்கே எறக்கி விட்டிருக்கணும்" என்றார். இருபத்தாறு ஆண்டுகளாக அவரும் அந்தப் பள்ளத்தை மறக்கவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கும், காவிரி நிறையும், ஆடியில் கரையெங்கும் கூட்டம் பெருகும். அதற்கு முன் வரும் கோடையில், பெண் பிள்ளைகளுக்கெனத் தனி நேரமும் கற்றுக்கொடுக்கப் பெண்களும் ஏற்பாடு செய்வது நம் ஜமாஅத்துகளுக்கு இயலாததன்று. நம் பிள்ளைகளை அல்லாஹ் நீரிலும் நிலத்திலும் காப்பானாக. ஆமீன்.