நீலப் புல் என்ன நிறம்?

நான் பி.காம். படித்தவன். ஒரு வரவை ஒரு தலைப்பில்தான் எழுத வேண்டும் என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, 'க்ளாஸ்' என்கிற வெல்ஷ் வார்த்தை என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. காபி குடிக்கிற கிளாஸ் இல்லை ஸார், இது நிறம்!

இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் வேல்ஸில் வானம் க்ளாஸ். கடலும் க்ளாஸ். சரி, 'நீலம்' என்று எழுதிக்கொள்வோம் என்றால், பழைய வழக்கில் மேய்ச்சல் நிலமும் க்ளாஸ். சாம்பல் நிறக் குதிரையும் அதே. பையில் குலுங்கும் வெள்ளிச் சில்லறையும் அதே. இலக்கணத்துக்காக உருவம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். காலேஜில் புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கும் பெயரில் க்ளாஸ் உண்டு. நாம் பச்சைக் குழந்தை என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தப் பச்சை.

வெல்ஷ்காரர்களுக்குக் கண்ணில் கோளாறா? அதெல்லாம் இல்லை. டென்மார்க் மொழியியலாளர் லூயி யெல்ம்ஸ்லெவ் 1943-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த வார்த்தையைக் கட்டம் போட்டே காட்டியிருக்கிறார். நிறங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த இடத்தில் வேலி போடுவது என்பதில்தான் மொழிக்கு மொழி தகராறு.

பச்சைக்கென்று 'க்விர்த்' என்று ஒரு வார்த்தையும் அவர்களிடம் உண்டு. லத்தீன் 'விரிடிஸ்' வழியாக வந்தது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் க்ளாஸ் என்றால் நீலம், க்விர்த் என்றால் பச்சை. ஆங்கிலத்தின் ப்ளூவுக்கும் க்ரீனுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி! ஆனால் பாருங்கள், புல்லின் பெயர் இன்னமும் 'க்ளாஸ்வெல்ட்'தான். பாடப்புத்தகத்தின்படி பிரித்தால், நீலப் புல்! அந்தப் புல் என்ன நிறம் என்று பிள்ளையைக் கேட்டால், "க்விர்த்" என்று சரியாகப் பதில் சொல்லும்.

2021 சென்சஸ்படி வேல்ஸில் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம். சுமார் 5,38,000 பேர். இதை 2050-க்குள் பத்து லட்சம் ஆக்குவதாக அரசாங்கம் 2017-ல் திட்டம் போட்டிருக்கிறது. ஆகட்டும், சந்தோஷம். ஆனால் தலைகளை எண்ணிவிடலாம். வார்த்தைக்குள் இருக்கிற பார்வையை எந்த சென்சஸில் எண்ணுவது? பேசுகிறவர்கள் பெருகி, மொழி மட்டும் பக்கத்து வீட்டு அளவுகோலுக்குச் சுருங்கிவிட்டால், அது எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராத நஷ்டம்.

நல்லவேளை, புல்லுக்கு இன்னும் யாரும் பெயர் மாற்றவில்லை.