பதினாலு கோர் மயக்கம்

அக்கா மகன் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து போன் போட்டான். "மாமா, பழைய ஜியான் ப்ராசசர் ஒண்ணு இருக்கு, 14 கோர்! ரைசன் 5 5600ல வெறும் 6 தானே?"

நானும் இந்த எண்ணிக்கையில் விழுந்து எழுந்தவன்தான். வீடியோ எடிட்டிங்குக்கு வாங்கியது அதே மாதிரி 14 கோர் ஜியான், ஈ5-2680 வி4. ரெண்டர் ஓடும்போது 28 த்ரெட்டும் உழைக்கும். கூடவே பிரவுசரில் முப்பது டேப் திறந்து கிடந்தாலும் அசராது. ராத்திரி கேம் போட்டால்தான் கூத்து. டாஸ்க் மேனேஜரில் ஓரிரு கட்டம் உச்சியில் முட்டி நிற்கும், மற்றதெல்லாம் தூங்கும். திரையில் துப்பாக்கிச் சண்டை திக்கித் திக்கி நகரும்.

பல கேம்களில் பாரமெல்லாம் ஓரிரு த்ரெட்டின் தலையில்தான். அந்த 2016 சிப் 3.3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. ரைசன் 5600 சிப் 4.4 வரை போகும், ஒவ்வொரு துடிப்பிலும் முடிக்கிற வேலையும் அதிகம். ஜியான் 120 வாட், ரைசன் 65. (கரண்டு பில் கட்டுவது அக்கா.)

"என்னடா விளையாடப்போற?"

"வேலோரன்ட்."

"அப்ப ஆறு போதும்."

"பின்னாடி டிஸ்கார்டும் ஓடணுமே மாமா?"

"அதுக்கு எதுக்குடா ஜியான்!"

சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போல, கடைக்காரர் தொண்டையைச் செருமுவது கேட்டது.