யாரோ, யாராவது

கோலா கிளாவாங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிது. ஒருநாள் வகுப்புப் புத்தகப் பெட்டியிலிருந்து கதைநூல் ஒன்று காணாமற்போயிற்று. பெட்டிக்குப் பொறுப்பாளனாக இருந்த நான்காம் வகுப்பு மாணவனை அழைத்து வினவினேன்.

"யாராவது எடுத்திருப்பாங்க, சார்" என்றான்.

"யாரோ எடுத்தார்கள் என்றால், நீ பார்த்திருக்கிறாய். பெயரைச் சொல்" என்று உறுக்கினேன். "தெரியாது, சார்" என்பதையே அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். கள்ளனைக் காக்கின்றான் என்று முடிவு கட்டி, பாடவேளை முடியும்வரை அவனை நாற்காலிமேல் நிற்க வைத்தேன்.

அந்நிகழ்ச்சி என் நினைவில் மீண்டும் எழக் காரணமானது, எதிர்பாராத வகையில், போர்த்துகீசிய இலக்கணம். அம்மொழி நமக்கு அயலானதன்று. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியவர்கள் அம்மொழியினர். நாம் நாள்தோறும் வழங்கும் அலமாரி, சாவி, சன்னல் ஆகிய சொற்கள் அவர்கள் வழி வந்தவை. முத்துக்குளித்துறையில் சமயப்பணி ஆற்றி, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறச் செய்த ஹென்றீக்கஸ் பாதிரியார், தமிழுக்குப் போர்த்துகீசிய மொழியில் இலக்கணம் வரைந்தவர். அவர் நம் மொழியைக் கற்றாரே, அவர் மொழியில் நாம் ஓர் இயலையேனும் பார்ப்போம் என்று தொடங்கினேன்.

அம்மொழிப் பள்ளி மாணவர்க்கு, இன்னார் இன்னது என்று வரையறுக்காத பெயர்களைத் தனி இயலாகக் கற்பிக்கின்றனர். ஆளுக்கு 'அல்கேம்', பொருளுக்கு 'அல்கு'. ஒருவரும் இல்லையென்றால் 'நிங்கேம்', ஒன்றும் இல்லையென்றால் 'நாதா'. இவை உருமாறா. வேறு சில பால், எண் நோக்கி உருமாறும். திணை வேறுபாடு உணர்ந்த நம் மாணவர்க்கு யாரோ, ஏதோ என்னும் பிரிவு எளிதில் விளங்கும். 'நிங்கேம்' போன்ற தனிச்சொல் நம்மிடம் இல்லை. 'யாரும்' என உம்மை கொடுத்து, 'வரவில்லை' என வினையில் எதிர்மறை வைக்கின்றோம். மலாயிலும் 'சியாப்பா' என்னும் வினாச்சொல்லே 'செசியாப்பா' ஆகி, 'தியாடா' என்னும் இன்மைச் சொல்லோடு சேர்கிறது. நம் பிள்ளைகள் அறிந்த மலாயை அருகில் எழுதிக் காட்டினால், பாடம் பாதி முடிந்தது.

ஆனால், ஓரிடத்தில் நான் நின்றுவிட்டேன். 'யாரோ வந்தார்' என்பதற்கும் 'யாராவது வந்தார்களா?' என்பதற்கும் அவர்களுக்கு 'அல்கேம்' ஒன்றே போதும். தமிழ் இரண்டையும் பிரிக்கின்றது. 'யாரோ எடுத்தார்கள்' என்றால், எடுத்தது உறுதி, எடுத்தவர்தாம் தெரியவில்லை. 'யாராவது எடுத்திருப்பார்கள்' என்றாலோ எல்லாமே ஊகம். நன்னூலார் ஓகாரத்துக்கும் உம்மைக்கும் எட்டெட்டுப் பொருள் கூறியதைப் பிழையின்றி ஒப்புவித்துப் பயிற்சிக் கல்லூரியில் பாராட்டுப் பெற்றவன் நான். அந்தத் தோட்டத்துச் சிறுவன் எந்த நூற்பாவும் அறியான். சரியான சொல்லைச் சரியான இடத்தில் வைத்தான். அவன் சொன்னதை நான் வேறொரு சொல்லாக மாற்றிக்கொண்டேன். மாற்றிய சொல்லுக்குக்கூட நான் கொண்ட பொருள் இல்லை. 'யாரோ' என்பவனும் ஆளை அறியாதவனே.

இரண்டு நாள் கழித்து அந்நூல் அகப்பட்டது. என் அலமாரியில், திருத்துவதற்காக நான் அடுக்கி வைத்த ஏடுகளுக்கு அடியில் கிடந்தது. சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. மறுநாள் ஓசையின்றி அதனைப் பெட்டியில் சேர்த்தேன். முதலில் கண்டவன் அச்சிறுவனே.

"புத்தகம் வந்திருச்சு, சார்! யார் சார் எடுத்தது?"

"யாரோ" என்றேன்.